திருகோணமலையில் ஒரு பாடசாலை முற்றம்: இன்டர்லொக் கல் பதிப்பதா, மண்ணாகவே விடுவதா?

கேள்வி
பதிந்தவர்: பழைய மாணவன்

வணக்கம். திருகோணமலை நகருக்குள் இருக்கும் ஒரு பாடசாலையில் நான் படித்தேன். இப்போது என் மகள் அங்கே தரம் 4 இல் படிக்கிறாள். நானும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் கட்டிடத் திருத்தத்துக்கென ஒரு தொகையைத் திரட்டித் தந்திருக்கிறார்கள். பெரிய தொகை என்று சொல்ல முடியாது, ஆனால் இன்னொரு முறை கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. அது பிழையான வேலைக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலையோடு இதை எழுதுகிறேன்.

இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் வடக்குத் தெற்காக 100 அடி நீளமும் 60 அடி அகலமும் உள்ள முற்றம். அதன் கிழக்கே அஸ்பெஸ்டஸ் கூரை போட்ட இரண்டு மாடி வகுப்பறைக் கட்டிடம். மேற்கே கள்ளிக்கோட்டை ஓடு வேய்ந்த பழைய ஒற்றைத்தளக் கட்டிடம். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்களும், முற்றத்தைப் பார்த்தபடி நீண்ட விறாந்தையும் அதற்கு உண்டு. வடக்கே மண்டபம், தெற்கே மதில், மதிலுக்கு அப்பால் வீதி. மலசலகூடங்கள் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள சிறிய முற்றத்தில் இருக்கின்றன. பெரிய முற்றத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரேயொரு வேம்பு.

மாரி காலத்தில் முற்றத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும். சென்ற மார்கழியில் மகளை அழைத்துவரப் போனபோது, அவள் சப்பாத்துகளைக் கழற்றி ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையால் விறாந்தைத் தூண்களை ஒவ்வொன்றாகப் பற்றிப் பற்றி வந்துகொண்டிருந்தாள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் நிலைமை நேர்மாறாகி, வகுப்பறை மேசைகளில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி படிகிறது.

இதற்குத் தீர்வாக, முற்றம் முழுவதும் இன்டர்லொக் கல் (ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் கொங்கிறீற்றுத் தரைக்கல்) பதித்து, இரும்புத் தூண்கள் நிறுத்தி மேலே தகரக் கூரை போடலாம் என்பது குழுவில் பெரும்பாலோரின் எண்ணம். மேற்கிலுள்ள பழைய கட்டிடத்தின் சுவர்கள் அடியில் பொரிந்து உதிர்வதால், அதை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டக் கல்வித் திணைக்களத்திடம் கேட்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு இவை இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. ஆனால் மாற்றாக எதைச் சொல்வது என்றும் தெரியவில்லை. இத்தகைய வேலையில் அனுபவம் உள்ளவர்கள், எதை முதலில் செய்ய வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் அடுத்த கூட்டத்தில் முன்வைப்பேன்.


பதில் 1
பதிந்தவர்: உப்புவெளிக் கட்டிடக் கலைஞர்

வணக்கம் ஐயா. அமைப்பைத் தெளிவாக எழுதியதற்கு நன்றி. அதனால் கணக்குப் போட்டே பேச முடிகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முற்றத்தின் மேற்பரப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் அங்கே வந்து சேரும் தண்ணீருக்கு வழி சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் பதிக்கும் கல் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இரண்டு மாரிக்குள் தாழ்ந்து மேடுபள்ளமாகிவிடும்.

ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் முற்றம் 6,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 557 சதுர மீற்றர். இருபுறமும் உள்ள நீண்ட கட்டிடங்கள் 25 அடி அகலமானவை என்று வைத்துக்கொண்டால், முற்றத்தை நோக்கிச் சரியும் அரைக்கூரைகள் இரண்டும் சேர்ந்து 232 சதுர மீற்றர் வருகின்றன. நம் ஊர் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்து தீர்ந்துவிடுகிறது. அந்த மாதங்களில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது நாம் காணாததன்று. அப்படிப் பெய்யும் நாளில் கூரைகளிலிருந்து 23,000 லீற்றரும் வானத்திலிருந்து நேராக 56,000 லீற்றரும் என, ஏறத்தாழ 79,000 லீற்றர் தண்ணீர் அந்த முற்றத்துக்குள் வருகிறது. மண் திறந்திருந்தால் அதில் ஒரு பகுதியை நிலமே குடித்துக்கொள்ளும். இறுக்கி இடித்த தளத்தின் மேல் இன்டர்லொக் பதித்தால், இடைவெளிகளில் நுண்மணல் அடைத்துக்கொண்ட பிறகு அத்தனையும் தெற்கு மதிலை நோக்கி ஓடும். அங்கே வீதி வடிகால் அதற்கு முன்பே நிரம்பியிருக்கும்.

ஆகவே முதல் வேலை இதுதான். இரண்டு கட்டிடங்களிலும் கூரைநீர் விழும் கோட்டுக்கு நேர் கீழே, இரண்டடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் உள்ள அகழி வெட்டி, அதில் பெரிய சல்லிக்கல்லை அடியிலும் சிறியதை மேலும் நிரப்புங்கள். கூரை விளிம்பில் நீரைப் பிடித்துக் கடத்தும் பீலி பொருத்த வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை. சருகு அடைத்த பீலியில் தேங்கும் தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். 2017 இல் கிண்ணியாவிலும் நம் மாவட்டம் எங்கும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் ஏணி வைத்து ஏறிப் பார்க்க ஆள் இல்லாத பாடசாலையில் பீலி வைப்பது பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். சல்லிக்கல் அகழியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிவிடும், தரையில் அடித்துத் தெறித்துச் சுவரை நனைப்பதும் நிற்கும். அகழிகள் இரண்டையும் முற்றத்தின் தென்பகுதியில் ஓர் உறிஞ்சு குழியோடு இணையுங்கள். குழி நிரம்பினால் மிகுதி நீர் வீதி வடிகாலுக்குப் போகட்டும். இதற்கு முன், ஓரடிக்கு ஓரடி குழி ஒன்றைத் தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று மூன்று இடங்களில் பாருங்கள். நகரின் சில பகுதிகளில் வெறும் கடல்மணல், சில இடங்களில் சிறிது தோண்டினாலே பாறை. குழியின் அளவை அந்தச் சோதனைதான் தீர்மானிக்க வேண்டும்.

கடல் சூழ்ந்த நம் நகரில் நிலத்துக்குள் இறங்கும் மழைநீருக்கு இன்னொரு பயனும் உண்டு. கிணற்று நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையாகத்தான் இருக்கிறது. மேலிருந்து நீர் இறங்காமல் நாம் இறைத்துக்கொண்டே போனால் கிணறு உவராகிவிடும்.

இனி நிழல். உங்கள் கிழக்குக் கட்டிடம் 24 அடி உயரம் என்று கொள்வோம். சித்திரை மாதத்தில் காலை 7.30 மணிக்குச் சூரியன் 22 பாகை உயரத்தில் நிற்கும்போது அந்தக் கட்டிடத்தின் நிழல் ஏறத்தாழ 59 அடி நீண்டு முற்றம் முழுவதையும் மூடுகிறது. அதே நிழல் 10.30 மணிக்குப் பத்தடியாகச் சுருங்கிவிடும். காலைக் கூட்டத்துக்கு நிழல் இருக்கிறது, பிள்ளைகள் ஓடி விளையாடும் இடைவேளைக்கு இல்லை. அந்த வேளையில் மரம் ஒன்றுதான் நிழல் தர முடியும். அதுவும் மதிலோரமாக வரிசையாக நட்ட மரத்தால் பயனில்லை, முற்றத்தின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். புன்னை கடற்காற்றைத் தாங்கும்; பூவரசு கிளைத்துண்டை (போத்து) நட்டாலே விரைவில் வளர்ந்துவிடும்; மகிழ் மெதுவாக வளர்ந்தாலும் அதன் நிழல் அடர்த்தியானது. மூன்றையும் கலந்து ஆறேழு மரங்கள் போதும். ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டால் முதல் நான்கு மாதங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் குறையும்.

தகரக் கூரை வேண்டாம். பகல் வெயிலில் தகரம் சூடேறி அந்தச் சூட்டைக் கீழே நிற்பவர்கள் மேல் இறக்கும்; மழை விழுந்தால் எழும் இரைச்சலில் இருபுறமும் பாடம் நடத்த இயலாது; உப்புக் காற்றில் ஆணி அடித்த இடங்கள் முதலில் துருவேறும். சுவரில்லாமல் தூண்களில் நிற்கும் அகன்ற கூரையைச் சூறாவளி கீழிருந்து தூக்கும். 1964 மார்கழிச் சூறாவளியை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2020 டிசம்பரில் புரேவிச் சூறாவளி நம் கரையைத்தான் தொட்டது.

மேற்கே மூன்று மாடி எழுப்புவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புழுதி சற்றுக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்று வருவது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான். அதை அறுபது அடி தூரத்தில் மறித்துவிட்டால் கிழக்குக் கட்டிடத்தின் வகுப்பறைகளில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். தாழ்ந்த கூரையும் ஆழமான விறாந்தையும் உள்ள அந்தப் பழைய கட்டிடம், நம்மவர் நாற்சார் வீட்டில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் வைத்த அதே அறிவோடு கட்டப்பட்டது. அதைக் காப்பாற்ற முடியுமென்றால் காப்பாற்றுங்கள்.

விளையாட்டுச் சாதனங்களுக்குப் பெரும் பணம் தேவையில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டிடக் கலைஞர், 1947 முதல் 1978 வரை 700க்கும் மேற்பட்ட சிறுவர் விளையாட்டிடங்களை அமைத்தார். மணல் தொட்டி, உருண்டு பிரளும் இரும்புக் கம்பி, தாவிக் கடக்கும் கொங்கிறீற்றுக் கட்டைகள் என எளிய சில உறுப்புகளையே இடத்துக்கேற்ப மாற்றி மாற்றி வைத்தார். எது ஊஞ்சல், எது சறுக்கு என்று பொருளே கட்டளையிடாததால், கட்டை ஒரு பிள்ளைக்கு இருக்கையாகவும் இன்னொரு பிள்ளைக்குக் கடையாகவும் ஆகிறது. உங்கள் ஊர் மேசனால் செய்ய முடியாதது அதில் எதுவும் இல்லை.

வரைபடம் கீறுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். முற்றத்தின் படத்தை ஒரு தாளில் கீறி, மூன்று நாட்கள் இடைவேளையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வைத்துப் பாருங்கள்.


பதில் 2
பதிந்தவர்: ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, கட்டிடக் கலைஞர் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பெரிய முற்றத்தைப் பற்றி எனக்குக் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரே வரியில் கடந்துபோன அந்தச் சிறிய முற்றத்தைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நகரப் பாடசாலைகளில் கற்பித்தேன். மலசலகூடம் மண்டபத்தின் பின்னால் ஒதுக்குப்புறமாக இருந்த ஒரு பாடசாலையில், தரம் 8 இல் படித்த பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு நாளும் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவதைக் கவனித்தேன். ஏன் குடிப்பதில்லை என்று தனியாக அழைத்துக் கேட்டேன். குடித்தால் போக வேண்டி வரும் ரீச்சர், அங்கே போகும் வழியில் அண்ணாமார் நிற்கிறார்கள், கதவுக்குக் கொண்டியும் இல்லை என்றாள். அந்த வெயிலில், காலை 7.30 இலிருந்து பிற்பகல் 1.30 வரை ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் அந்தப் பிள்ளை இருந்திருக்கிறாள். பிறகு விசாரித்தபோது அந்த வகுப்பில் அவளைப் போல இன்னும் பலர் இருந்தது தெரிந்தது. கொண்டி பூட்டுவதற்கும், பெண் பிள்ளைகளுக்கென்று வழியைத் தனியாகப் பிரிப்பதற்கும் நான் எழுதிக் கேட்டு, ஓராண்டு கழிந்த பின்னரே அது நடந்தது. அதற்கு ஆன செலவு மேடை போட்டு நாடா வெட்டும் ஒரு விழாவுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

ஆகவே தம்பி, குழுவில் நீங்கள் பேசும்போது சின்ன முற்றத்தையே முதலில் வையுங்கள். பெண் பிள்ளைகளின் வழி விளையாடும் இடத்தை ஊடறுக்காமல், அதே நேரம் ஆசிரியர்களின் கண்ணில் படும் விறாந்தை வழியாகப் போக வேண்டும். உள்ளிருந்து பூட்டும் கதவு, ஓடும் தண்ணீர், மூடியுள்ள குப்பை வாளி, மழை நாளிலும் வெளிச்சம் வரும் உயர்ந்த சாளரம், இவை இருந்தால் போதும். அந்த முற்றத்தில் கிணறு இருக்கிறதா என்றும் பாருங்கள்; மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பது அடியாவது விட வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் எப்போதும் சொல்வார்கள்.

மரம் நடுவதைப் பற்றியும் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு சுற்றாடல் தினத்தில் பிள்ளைகளோடு பன்னிரண்டு கன்றுகள் நட்டோம். ஆளுக்கொரு கன்று என்று பெயர்ப் பலகையும் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பெயர்ப் பலகைகள் மட்டும் நின்றன. கோட்டைப் பக்கமிருந்து வரும் புள்ளிமான்கள் இரவில் வாயிற்கதவு இடைவெளியால் புகுந்து துளிர் முழுவதையும் மேய்ந்துவிட்டன. மிச்சத்தைக் கட்டாக்காலி மாடுகள் மிதித்துவிட்டன. பிள்ளைகள் அழுதார்கள். நம் நகரின் மான்களைக் குறை சொல்லவும் முடியாது, அவை எங்களுக்கு முன்பிருந்தே இங்கே இருப்பவை போலத்தான் நடக்கின்றன. கன்று ஒவ்வொன்றுக்கும் ஆறடி உயரத்தில் கம்பிவலைக் கூடு செய்ய மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்குங்கள். ஆறடி உயரம் என்று எழுதாவிட்டால் மூன்றடியில் செய்து தருவார்கள், மான் தலையை நீட்டி மேலால் தின்றுவிடும்.


பதில் 3
பதிந்தவர்: கட்டிட ஒப்பந்தகாரர், நிலாவெளி

இன்டர்லொக் கல்லை முற்றாக ஒதுக்குவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். வாயிற்கதவிலிருந்து விறாந்தை வரையும், அங்கிருந்து மலசலகூடம் வரையும் ஆறடி அகலப் பாதை ஒன்று உறுதியான தளத்தோடு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு மணல் பெரும் தடை. பொதுக் கட்டிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இலிருந்தே நாட்டில் நடைமுறையில் இருக்கின்றன. சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். உங்கள் விறாந்தை ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் பதினெட்டடி வரும். இடம் போதாது என்று அதை எட்டடியில் முடித்துவைத்த பாடசாலைகளைப் பார்த்திருக்கிறேன், அதில் நாற்காலியை இருவர் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும்.

பழைய சுவர் பொரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பின்னாளில் பூசிய சீமெந்துதான். சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை இழுத்து வெளியே விடும் இயல்புடையது. சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவைக்க, ஈரத்தோடு வந்த உப்பு பூச்சின் பின்னால் பளிங்காகிப் பூச்சையும் கல்லையும் தள்ளி உதிர்க்கிறது. அடியிலிருந்து நான்கடி உயரம் வரை சீமெந்தைக் கொத்தி எடுத்து, ஒரு கோடைகாலம் முழுவதும் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புச் சாந்தால் பூசி வெள்ளையடியுங்கள். எமல்சன் பெயின்ற் பூசினால் பழைய கதைதான். ஓட்டுக் கூரையில் கைமரங்களையும் சலாகைகளையும் கறையான் தின்றிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். அவை நல்லதாக இருந்தால் இடிக்க எந்தக் காரணமும் இல்லை.

கிழக்குக் கட்டிடத்தில் எனக்கு இதைவிடப் பயம். கடற்கரை ஊரில், தளத்தின் அடிப்பக்கத்தில் கொங்கிறீற்று வெடித்துக் கம்பி துருவோடு தெரிந்தால், அதன் மேல் சாந்து பூசி மறைக்க விடாதீர்கள். கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் கம்பியின் தடிப்பை அளந்து பார்க்கும் வரை அந்த இடத்துக்குக் கீழே பிள்ளைகளை இருத்த வேண்டாம். அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றுவதானால் விடுமுறையில் மட்டும், தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாகவே இறக்க வேண்டும். உடைப்பதும், வாளால் அறுப்பதும், பாசி போகக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.


பதில் 4
பதிந்தவர்: பழைய மாணவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டிடக் கலைஞர் ஐயா சொன்னபடி மூன்று நாட்கள் தாளும் பென்சிலுமாக இடைவேளையில் நின்றேன். நான் நினைத்திருந்ததற்கும் கண்டதற்கும் வெகுதூரம். முற்றத்தின் நடுவில் புள்ளிகளே இல்லை. கிழக்குக் கட்டிடத்தை ஒட்டிய பத்தடி நிழலிலும் வேம்பைச் சுற்றியும்தான் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் சிந்தும் நீரைக் கால்விரலால் வாய்க்கால் கீறி வேம்படி வரை கொண்டுபோகிறார்கள். மூன்று நாளும் அதே இடத்தில் அதே விளையாட்டு. பெரிய வகுப்பு மாணவிகள் ஒருவரும் முற்றத்தில் இறங்கவில்லை, பழைய கட்டிடத்தின் விறாந்தை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த விறாந்தையை இடிக்கப் பார்த்தோமே என்று நெஞ்சு பதறியது.

ஆசிரியை அம்மா எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மகளிடம் கேட்டார். பதிலை இங்கே எழுத விரும்பவில்லை. சின்ன முற்றம்தான் முதலில் என்று கூட்டத்தில் சொன்னேன், அதிபரும் உடனே உடன்பட்டார். அடுத்து சல்லிக்கல் அகழியும் உறிஞ்சு குழியும், ஆவணி விடுமுறையில் தொடங்கி மாரிக்கு முன் முடிப்பதாகத் தீர்மானம். பாதைக்கு மட்டும் இன்டர்லொக். கிழக்குக் கட்டிடத்தில் இரண்டு இடங்களில் கம்பி தெரிகிறது. அந்த இரண்டு வகுப்புகளையும் மண்டபத்துக்கு மாற்றிவிட்டு வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். தகரக் கூரையைப் பற்றி மட்டும் இன்னும் வாதம் ஓயவில்லை. நிழற் கணக்கை அச்சிட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன்.

ஒரு சந்தேகம். வேம்பைச் சுற்றி முன்பு யாரோ ஒன்றரை அடி உயரத்தில் சீமெந்துத் திட்டு கட்டி, உள்ளே மண் நிரப்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில்தான் உட்காருகிறார்கள். அதை அப்படியே விடலாமா?


பதில் 5
பதிந்தவர்: உப்புவெளிக் கட்டிடக் கலைஞர்

விட வேண்டாம் ஐயா. அடிமரத்தின் பட்டை மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் ஈரத்தில் அழுகும், வேருக்கும் காற்று கிடைக்காது. வேம்பின் ஒரு பக்கக் கிளைகள் இலை குறைந்து காய்ந்திருந்தால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். மண்வெட்டி வேண்டாம், நிரப்பிய மண்ணைக் கையாலும் சிறிய கரண்டியாலும் அள்ளி, வேர் அடிமரத்திலிருந்து விரியும் இடம் கண்ணுக்குத் தெரியும் வரை எடுங்கள். சீமெந்து வளையத்தைப் பிறகு துண்டு துண்டாக உடைத்து அகற்றுங்கள். பிள்ளைகள் உட்கார, அடிமரத்திலிருந்து எட்டடி தள்ளி, நிலத்தைத் தோண்டாமல் தட்டையான கருங்கற்களை வட்டமாக வையுங்கள். குழாயடியிலிருந்து வேம்படிக்குப் பிள்ளைகள் கீறும் அந்த வாய்க்காலையும் புதிய பாதை மறிக்காதபடி, அது கடக்கும் இடத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கல் பதிக்காமல் மணலாகவே விட்டு, நாற்காலி போவதற்கு மேலே இரும்புக் கிராதி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வரைபடத்தில் அதைக் குறித்து அனுப்புகிறேன்.